பெக்கியின் பாட்டை வெட்டியவர்கள்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். டோனல் என்று உங்கள் தாய் வைத்த பெயரைச் சொன்னால், அக்கோடியன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காது கேளாதவர் மாதிரி இருப்பீர்கள். எங்கள் தீவுப்பகுதியில் பெண்சாதிமார் புருசனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சாதாரணச் சொல் அது. நீங்கள் அதை 'அன்பே' என்று விளங்கிக்கொண்டு, கட்டட வேலையில் கூட நின்ற அயர்லாந்துக்காரருக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்களும் தங்கள் மனைவிமாரை 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டுத் திரிந்தார்கள்.

தமிழ் எழுத்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டால் முக்கால்வாசி விளங்கும், ஏச்சு என்றால் முழுவதும் விளங்கும். ஆனாலும் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். இங்கிலிசில் எழுதினால் பிரென்டன் வாசித்துவிடுவார். வாசித்துவிட்டு இதிலும் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டுவார்.

பிரென்டனைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரொறன்ரோவில் அயர்லாந்துக் குடியேறிகளின் இசையைப் பேணுவதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. பிரென்டன் அதற்குத் தலைவர். வழக்கறிஞர், ஒஷாவாவில் வீடு, பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். மார்ச் மாதத்து அயர்லாந்துத் திருநாளில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு பச்சை பியர் குடிக்கிற கூட்டத்தைக் கண்டால் அவருக்கு அருவருப்பு. அதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்து. அந்த ஒன்றோடு ஒற்றுமை முடிந்தது.

நீங்கள் நோயில் விழுவதற்கு முந்திய கோடையில் அவர் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். 'நீங்கள் ஒரு மரபின் பாதுகாவலர்' என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் அப்படியே குளிர்ந்துபோனீர்கள். வாழ்நாள் முழுக்கச் சுவர் பூசின மனுசன், ஒரு லோயர் வந்து பாதுகாவலர் என்றதும், இடுப்பில் கட்டியிருந்த சாறத்தை மாற்றி இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து உட்கார்ந்தீர்கள். நான் கட்டிவிட்ட சாறம் அன்றைக்கு மட்டும் உங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு நிலவறைக்குப் போய் அந்தக் கசற் பெட்டிகளை உங்கள் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து அவருடைய காரில் ஏற்றினீர்கள்.

"உவரை எனக்குப் பிடிக்கேல்லை," என்றேன்.

"உனக்கு ஆரைப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டீர்கள், என்னுடைய தமிழிலேயே.

அது சரிதான். ஆனால் பிரென்டன் விசயத்தில் என்னுடைய மூக்கு பிழை விடவில்லை.

அந்தக் கசற்றுகளில் இருந்தது என்ன? நீங்கள் அயர்லாந்தின் கிளேரிலிருந்து இளந்தாரியாக வந்து இறங்கிய காலத்தில் சனிக்கிழமைகளில் நடந்த ஆட்ட மண்டபம். ஆஸ்பத்திரித் தாதிமார், பணக்கார வீடுகளில் வேலைக்கு நின்ற பெட்டையள், பஸ் ஓட்டினவர்கள், உங்களைப் போல் சுண்ணாம்பும் சீமெந்துமாய்த் திரிந்தவர்கள், எல்லாரும் குளித்து முழுகி வந்து பெண்கள் ஒரு சுவரோடும் ஆண்கள் எதிர்ச் சுவரோடும் நிற்பார்களாம். குடி கிடையாது. தேத்தண்ணியும் சான்ட்விச்சும்தான். மேடையில் ஒரே நிறக் கோட்டோடு உங்கள் பாண்ட் கோஷ்டி. நீங்கள் அக்கோடியன். நடுவில் மைக்குக்கு முன்னால் பெக்கி.

பெக்கி பாடியது உங்கள் ஊர்ப் பழம்பாட்டு மட்டுமா? அமெரிக்க வானொலியில் கேட்ட கவ்போய்ப் பாட்டு, அழுமூஞ்சி வால்ட்ஸ், மாமியாரைப் பகிடி பண்ணுகிற பாட்டு, ஆட்கள் கேட்டது எல்லாம். ரீல் என்கிற ஆட்ட மெட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கிடையில் அறிவித்தலும் அவள்தான். இன்ன ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்கு ஆள் தேவை, இன்னாரின் தாய் ஊரில் செத்துப்போனா, சிவப்புக் குடையை ஆரோ மாறி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவில் நின்றவர் அந்தக் காலத்தில் புதிதாக வந்த ஒரு கசற் பதிவுக் கருவியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அது பாட்டையும் பதியும், பேச்சையும் பதியும், நூறு சப்பாத்து பலகையில் விழுகிற சத்தத்தையும் பதியும்.

இதைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் கேட்பீர்கள். எங்கள் மகள் நோரா கைப்பிள்ளையாக இருந்தபோது அந்தச் சப்பாத்துச் சத்தத்தில்தான் நித்திரை கொள்வாள். நான் சோறு காய்ச்சிக்கொண்டே கேட்டுக் கேட்டு, நான் பிறக்காத ஊரின் இழவுச் செய்திகள் எல்லாம் பாடமாகிவிட்டன.

நீங்கள் போய் இப்போது இரண்டாவது மாரி வருகிறது. போன ஏப்ரலில் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கசற்றுகளைத் துப்புரவாக்கி, கணினியில் ஏற்றி, ஒரு மாலை நிகழ்வில் வெளியிடப்போகிறார்களாம். குடும்பத்தினர் கட்டாயம் வரவேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: உங்கள் இறுதிச் சடங்கன்று நான் கொண்டுபோன அந்த அருமையான மீன் றோல்சைக் கொண்டுவர முடியுமா?

பார்த்தீர்களா? உங்களோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தின எனக்கு அந்தச் சங்கத்தில் இருந்த இடம் அது. நான் வெறுங்கையோடு போனேன்.

பெக்கியை நோராவின் காரில் கூட்டிக்கொண்டு போனோம். எண்பது தாண்டிவிட்டது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டாள், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அன்றைக்குத் தலைமயிரைச் சுருட்டி, நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குப் பூசி வந்திருந்தாள். தான் இருக்கிற முதியோர் மாடிக்கட்டடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தாளாம், தன்னுடைய பழைய குரலைக் கேட்கப் போகிறேன் என்று. முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். நெஞ்சில் ஒரு பூவும் குத்திவிட்டார்கள்.

விளக்கைக் குறைத்தார்கள். முதலில் உங்கள் அக்கோடியன் வந்தது. நீங்கள்தான். ஆனால் நீங்கள் ஒரு வெறும் அறைக்குள் தனியாக இருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிட்ட சத்தம். சப்பாத்துகள் இல்லை. ஆட்களின் கூக்குரல் இல்லை. ஒரு ரீல், ஒரு ஜிக், பிறகு இன்னொரு ரீல். இடையில் பிரென்டன் எழும்பி, இது இந்த மாவட்டத்து நடை, அது அந்த மாவட்டத்து நடை என்று விளக்கம். முன்னால் இருந்தவர்கள் கோவிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினார்கள். ஒருவருடைய கால்கூட அசையவில்லை. ஆட்டப் பாட்டுக்குக் காலை அசைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும்?

"அடுத்தது என்ர," என்று பெக்கி என்னுடைய காதுக்குள் சொன்னாள். அவள் இங்கிலிசில் சொன்னதை நான் எங்கட தமிழில்தான் எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு அவளைக் கேட்கும்.

அடுத்தது அவளுடையது இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சரிந்து, பிறகு பின்னால் சாய்ந்தாள். கடைசியில் விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது போல கிடக்கு," என்றேன்.

அவள் எழும்பி நேரே பிரென்டனிடம் போனாள். அவர் கையில் வைன் கிண்ணத்தோடு நின்றார். பெக்கி தன்னுடைய பாட்டு எங்கே என்று கேட்டாள்.

பிரென்டன் பேசுகிற இங்கிலிசு எனக்கு எப்போதும் மேடைத் தமிழாகத்தான் காதில் விழும். "உங்களுடைய குரல் மிகவும் இனிமையானது, அம்மையாரே. ஆனால் அவை அமெரிக்க வணிகப் பாடல்கள் அல்லவா? எமது நோக்கம் மரபைப் பேணுவது. ஆகவே பாடல்களையும், இடையிலுள்ள உரையாடல்களையும், பின்னணி இரைச்சலையும் நீக்கினோம்."

"இரைச்சல் எண்டது?"

"சப்பாத்துச் சத்தம் போன்றவை."

பெக்கி தன்னுடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். "தம்பி, அந்தச் சப்பாத்துக்காகத்தான் நாங்கள் வாசிச்சனாங்கள்," என்றாள்.

அவர் சிரித்தார். வயதுபோனவர்கள் பகிடி விட்டால் படித்தவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நான் மூலக் கசற்றுகள் எங்கே என்று கேட்டேன். தேவையானதை எடுத்துவிட்டார்களாம், இனி அவை இடத்தைத்தான் பிடிக்குமாம், தன்னுடைய கராஜில் கிடக்கிறதாம், திங்கட்கிழமை பழைய சாமான் ஏற்றுகிற லொறி வருகிறதாம். இதையெல்லாம் ஏதோ எனக்கு ஒரு பாரம் குறைத்துவிட்ட மாதிரிச் சொன்னார். பிறகு மேசையைப் பார்த்து, றோல்ஸ் வரவில்லையா என்று கேட்டார்.

பெக்கி காரில் ஏறினாள். பூவைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அத்தனை வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாய் நின்று பாடின பெண்ணை, அவள் உயிரோடு முன்வரிசையில் இருக்கும்போதே, அவளுடைய சொந்த மண்டபத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டுப் பூக் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் பேணுதல்.

எங்கள் தமிழ் ஆட்கள் திறம் என்று நான் சொல்ல வரவில்லை. போன கோடையில் ஒரு மரபு விழா என்று போனேன். அட்டையில் பனைமரம் வெட்டி நட்டு, ஓலைக் குடிசை என்று பிளாஸ்டிக்கில் ஒன்று கட்டி, அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். இந்த ஊருக்கு நாங்கள் வந்து இறங்கின காலத்தில் உண்மையில் எதைக் கேட்டோம், எதற்கு அழுதோம்? விடிய வானொலியில் வாசிக்கிற மரண அறிவித்தலும், அறை வாடகைக்கு விளம்பரமும், வீடியோக் கடையில் வாங்கின பாட்டுக் கசற்றும்தானே? அதை ஆர் சேர்த்து வைத்திருக்கிறார்கள்? அது மரபு இல்லையாம். அட்டைப் பனைமரம் மரபாம்.

அடுத்த நாள் ஞாயிறு. கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்து வந்து நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. நோரா சோபாவில் படுத்திருந்தாள்.

"எழும்பு. ஒஷாவாக்குப் போகோணும்."

"அம்மா, யூ கான்ட் ஜஸ்ட் ஷோ அப் அற் ஹிஸ் ஹவுஸ்," என்றாள்.

"உன்ர அப்பாவைக் குப்பை லொறியில ஏத்தப்போறான். வாறியா, நான் பஸ்ஸில போகட்டா?"

அவள் எழும்பிவிட்டாள். எனக்குத் தெரியாமல் பெக்கிக்கும் தொலைபேசி அடித்திருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெக்கி கட்டடத்து வாசலில் கோட்டோடு நின்றாள். காரில் ஏறிப் பிக்கரிங்கைத் தாண்டினோம். பிறகு, "நேத்தையை விட்டால், ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் நான் கடைசியா எப்ப கார் ஏறினன் தெரியுமே?" என்று நோராவைக் கேட்டாள். முகத்தில் ஒரு சந்தோசம் மாதிரித் தெரிந்தது.

பிரென்டனின் வீட்டில் கராஜ் கதவு திறந்திருந்தது. நத்தார் மரம், பனிச்சறுக்குப் பலகைகள், உடைந்த ஒரு உடற்பயிற்சிச் சைக்கிள். அதற்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தோடு பெட்டிகள். பிரென்டன் இலை வாருகிற தடியோடு வந்தார்.

"பெட்டியளைக் கொண்டுபோக வந்தனாங்கள்," என்றேன்.

"அவை இப்போது சங்கத்தின் சொத்து. நாளை அகற்றுவதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. சட்டப்படி பார்த்தால், நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல்..."

"குப்பைக்குக் குடுக்க அனுமதி இருக்கு, பெண்சாதிக்குக் குடுக்க அனுமதி இல்லையோ?"

அவர் அதற்கும் ஏதோ விளக்கம் தொடங்கினார். இப்படியான ஆட்களுடைய பலமே அதுதான்; எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அதற்கிடையில் பெக்கி உள்ளே போய், மடிப்புக் கதிரை ஒன்றை இழுத்து விரித்து, பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மையாரே, தயவுசெய்து எழுந்திருங்கள்."

"உன்ர தகப்பன்ர பேர் மைக்கல் எல்லோ?" என்று கேட்டாள் பெக்கி.

அவர் நின்றுவிட்டார். "ஆம்."

"அயர்லாந்தில லீட்ரிம் பக்கத்து ஆள். இடது காது கொஞ்சம் மடிஞ்சிருக்கும். வந்திறங்கின கிழமையே மண்டபத்துக்கு வந்தவர். சப்பாத்து இரவல். ஆடத் தெரியாது. இருக்க இடமில்லை எண்டு கதவடியில நிண்டவரை நான்தான் மேடைக்கு இழுத்து, இந்தப் பெடியனுக்கு ஒரு அறை வேணும் எண்டு மைக்கில சொன்னனான். அண்டைக்கே ஒரு கிழவி கூட்டிக்கொண்டு போனது. உன்ர தாய் அந்தக் கிழவியின்ர மருமகள் முறை."

"எனது தந்தை ஆட்ட மண்டபங்களைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை," என்றார் பிரென்டன்.

"ஆடத் தெரியாதவன் என்னத்தைப் பேசுறது?"

நோரா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். பெக்கி ஊன்றுகோலால் பெட்டியைத் தட்டினாள். "அதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. நீ வெட்டினது அதைத்தான்."

பிரென்டன் இலை வாருகிற தடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாங்கள் பெட்டிகளை ஏற்றினோம். கடைசிப் பெட்டியை அவரே தூக்கித் தந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நானும் வெட்டுகிறவள் ஆகிவிடுவேன்.

நோரா எல்லாவற்றையும் இருந்தபடியே கணினியில் ஏற்றினாள். கசற் தொடங்கும்போது கேட்கிற உறுமலைக்கூட எடுக்க விடவில்லை. "அம்மா, நோபடி வோன்ட்ஸ் திஸ் பார்ட்," என்றாள். "உன்னை ஆரும் கேட்டதே?" என்றேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, அந்தச் சப்பாத்துச் சத்தத்தைப் போட்டுவிட்டுச் சோபாவில் நித்திரையாகிப்போனாள்.

பெக்கிதான் யோசனை சொன்னாள். கசற்றை வீட்டில் வைத்துக் கேட்டால் அது மருந்து குடிக்கிற மாதிரி, ஆட்களைக் கூட்ட வேண்டும் என்றாள். எங்கள் கோவிலின் கீழ்மண்டபத்தைச் சனிக்கிழமை பின்னேரத்துக்குக் கேட்டு வாங்கினேன். மாதத்தில் ஒருநாள். தேத்தண்ணி, சான்ட்விச். றோல்சும்தான், இந்த இடத்துக்கு நானாகவே சுட்டுக் கொண்டுபோகிறேன்.

உங்கள் மண்டபத்து ஆட்களில் மிச்சம் இருப்பவர்கள் வருகிறார்கள். கிழவர்கள் இன்னமும் ஒரு சுவரோடுதான் நிற்கிறார்கள், கிழவிகள் எதிர்ச் சுவரோடு. இத்தனை வருடத்தில் ஒரு புத்தியும் வரவில்லை. சக்கரக் கதிரை தள்ளிக்கொண்டு வருகிற பிலிப்பினோப் பிள்ளைகள்தான் முதலில் ஆடத் தொடங்குவார்கள். எங்கள் செபக் கூட்டத்துப் பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இவையள் ஏன் ஜசிந்தா, குதியால நிலத்தை உதைக்கினம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உதைக்க வேற ஆளில்லாதபடியால்," என்றேன்.

இப்போது அவளும் உதைக்கிறாள். கேவலமான ஆட்டம். நீங்கள் பார்த்தால் அக்கோடியனை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் ஒருவரும் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

நாங்கள் முதன்முதலில் சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா? முதியோர் இல்லத்தில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வருவீர்கள். நான் அங்கே பராமரிப்பு வேலை. நீங்கள் வாசித்தால் ஒருவரும் சாப்பிட வரமாட்டார்கள். "உங்கட பாட்டை நிப்பாட்டுங்கோ, சூப் ஆறுது," என்று கத்தினேன். நீங்கள் நிறுத்தவில்லை. நான் இரண்டாம் முறை சூடாக்கிக்கொண்டு வந்தபோது ஒரு கிழவி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றுகொண்டிருந்தாள். மாதக் கணக்காய்க் கால் ஊன்றாத கிழவி. அன்றைக்குத்தான் உங்களை நன்றாகப் பார்த்தேன்.

இனி பிரென்டனின் கதையை முடிக்கிறேன்.

ஓகஸ்டில் அவர் தொலைபேசி எடுத்தார். தன் தகப்பனைப் பற்றிப் பெக்கி சொன்ன அந்தக் கசற் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

"எனது தந்தை சம்பந்தப்பட்ட பகுதியை மாத்திரம் வெட்டி அனுப்ப முடியுமா? அரை நிமிடம் போதும்."

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? வெட்டித்தான் வேண்டுமாம். தன் தகப்பனையும் வெட்டித்தான் கேட்கிறார்.

"வெட்டித் தாறதில்லை. சனிக்கிழமை வந்து முழுக்க இருந்து கேளுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் வரவில்லை. போன சனிக்கிழமை வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெக்கி அவரைக் கண்டும் காணாதவள் மாதிரி இருந்தாள். நான் அந்தக் கசற்றைப் போட்டேன். கணினியில் இருந்தாலும் மண்டபத்தில் நான் கசற்றைத்தான் போடுவது. உங்கள் ரீல் போனது. ஆட்கள் ஆடினார்கள். பிறகு பெக்கியின் பாட்டு தொடங்கியது, அந்தக் கவ்போய்க் காதல் பாட்டு. பாட்டின் நடுவில் பிரென்டனுக்குத் தொலைபேசி வந்தது. எழும்பி வெளியே போனார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல். இருபத்தெட்டு வயதுப் பெக்கியின் குரல், "கதவடியில நிக்கிற இந்தப் பெடியனுக்கு ஒரு அறை வேணும்," என்றது. அது வந்து போனது. அடுத்த ரீல் தொடங்கிவிட்டது. பிறகுதான் பிரென்டன் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சங்கத்துக்குக் காசு கொடுக்கிற யாரோவாம். மன்னிக்க வேண்டுமாம். வந்து உட்கார்ந்து, இனித்தான் வரப்போகிறது என்ற மாதிரிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பெக்கியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "போட்டுக் காட்டாத, பிள்ளை. அவனுக்குக் கேக்கக் குடுத்துவைக்கேல்லை."

எனக்கும் அதுதான் விருப்பம். அந்த மனுசன் கடைசி வரைக்கும் காத்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றும் வராமல் எழும்பிப் போவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முன்வரிசையில் பெக்கி இருந்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் இன்னும் கொஞ்சம் சரிந்தார்.

நான் கசற்றை நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். ஆனால் அந்த அறிவித்தலுக்கு இல்லை. பெக்கியின் பாட்டின் முதல் சொல்லுக்கு.

"இருந்து கேளுங்கோ," என்றேன்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏன் திரும்பப் போடுகிறேன் என்று புறுபுறுத்துவிட்டு, திரும்பவும் ஆடினார்கள். பிரென்டன் முழுப் பாட்டையும் கேட்டார். அமெரிக்க வணிகப் பாடல், மூன்று சரணமும். பெக்கி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைதட்டல். பிறகு அறிவித்தல். "பேர் மைக்கல். லீட்ரிம் ஆள். சப்பாத்து இரவல், ஆள் நல்லவன்." பெக்கி மைக்கை அந்தப் பெடியனிடம் நீட்டியிருக்க வேண்டும். ஒரு நடுங்குகிற குரல், ஒரே ஒரு வசனம்: "நான் சத்தம் போடமாட்டன்." மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அந்த மண்டபமும் சிரித்தது, இன்றைக்கு எங்கள் கீழ்மண்டபமும் சிரித்தது.

பிரென்டன் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அவ்வளவுதான் செய்தார். திரும்பப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெக்கியிடம் வந்து நின்றார். அந்த மனுசனுக்கு விளக்கம் இல்லாமல் போனதை நான் முதன்முதலாக அன்றுதான் கண்டேன்.

"ஆடத் தெரியுமே?" என்று பெக்கி கேட்டாள்.

"இல்லை."

"தெரியும், சும்மா கேட்டனான். அப்ப கதிரையை அடுக்கு."

அடுக்கினார். கதிரை அடுக்கவும் தெரியாது. நோரா போய் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப அடுக்கினாள்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சங்கத்தின் இணையத்தளத்தில் இன்னமும் அந்தக் கழுவின சத்தம்தான் கிடக்கிறது. பெக்கியின் பெயர் அதில் இல்லை. அதை மாற்றப் போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னார். சொல்லட்டும். மாற்றினால் எழுதுகிறேன்.

உங்களையும் நான் முழுதாக விடவில்லை. ஏன் கொடுத்தீர்கள்? பாதுகாவலர் என்ற ஒரு சொல்லுக்காகவா? நான் உங்களை அதைவிட நல்ல பெயர்களால் கூப்பிடவில்லையா? அல்லது உங்களுக்குப் பிறகு நானும் நோராவும் இதைக் கேட்கமாட்டோம் என்று நினைத்தீர்களா? அப்படி நினைத்திருந்தால், நீங்கள் கெட்டிக்காரர் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தது பிழை.

சரி. கேளுங்கள், ஒரு சத்தியம் செய்கிறேன். சங்கமோ, சபையோ, பல்கலைக்கழகமோ, யார் சால்வையோடு வந்தாலும் இந்தக் கசற்றுகள் என் கையை விட்டுப் போகாது. கேட்க வேண்டியவர்கள் வந்து, இருந்து, முழுவதையும் கேட்கட்டும். நாடா அறுந்தால் ஒட்டுவேன். எனக்கு ஏலாமல் போனால் நோரா ஒட்டுவாள். அதுவரைக்கும் அதில் பாடினவளும் இருப்பாள், குடையைத் தொலைத்தவளும் இருப்பாள், நடுவில் இருமினவனின் இருமலும் இருக்கும்.

உங்களுடைய பெண்சாதி,
நோராவின் தாய்,
ஜசிந்தா